‘வாசித்து விளக்கினேன்’ என்று நான் இட்ட கையொப்பம்

1. பதினெட்டுப் பக்கக் குறிப்பு

“அடிப்படை உரிமை எண்டால் என்ன?” என்று கேட்டேன். மஹய்யாவப் பொது மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமைச் சட்ட வகுப்புக்கு வந்த முப்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பதினைந்து, பதினாறு வயதுக்காரர். கடைசியில் பின்வரிசையில் ஒருவன் கை தூக்கினான்.

“மிஸ், இது ஓ.எல். பரீட்சைக்கு வருமா?”

“வராது.”

பாதிப் பேர் கொப்பியை மூடி வைத்தார்கள்.

நான் கண்டியில் இருபத்தெட்டு வருடங்களாகச் சட்டத்தரணியாக இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கல்யாணம் செய்து அம்பிட்டியவுக்கு வந்து, இந்த ஊர் மழைக்கும் இந்த ஊர்த் தமிழுக்கும் பழகியவள். நீதவானுக்கு முன்னால் வாய் ஓயாமல் பேசுகிற எனக்கு அன்று பத்தே நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது. அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தைப் பதினெட்டுப் பக்கக் குறிப்பாகச் சுருக்கி, ஆளுக்கொரு போட்டோ கொப்பி கொண்டு போயிருந்தேன். ஒரு பிள்ளை அதை மடித்து விசிறிக்கொண்டிருந்தது. கோபப்பட முடியவில்லை. மண்டபத்தில் புழுக்கமாகத்தான் இருந்தது.

எனக்குப் பிறகு இப்படியான வகுப்புகளுக்குப் போகப்போகிற இளம் சட்டத்தரணிகளுக்காக இதை எழுதுகிறேன். குறிப்புத் தயாரிப்பது எப்படி என்று நான் சொல்லித் தரப் போவதில்லை. என் தொழிலில் நான் விட்ட மிகப் பெரிய பிழையை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அந்தப் பிழையால் அவளுடைய வீடே போகவிருந்தது.

இரண்டாம் ஞாயிறு வெறுங்கையோடு போனேன். “இந்தக் கிழமை உங்களை ஆர் எங்கே திருப்பி அனுப்பினவை?” என்று மட்டும் கேட்டேன். முதலில் என் யாழ்ப்பாணத்து ‘ஆர்’ஐச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு மடை திறந்தது. சீசன் டிக்கெட் பிள்ளைகளைக் கண்டால் நிறுத்தாமல் போகிற பஸ், டவுனில் வைத்து அடையாள அட்டை கேட்டு அரை மணி நேரம் மறித்த பொலிஸ், சிங்களத்தில் நிரப்பினால்தான் வாங்குவோம் என்ற ஒரு படிவம். ஒவ்வொன்றையும் எடுத்து, இது அரசியலமைப்பின் எந்த உறுப்புரைக்குள் வரும், எது வராது என்று பிரித்தோம். மறித்து வைத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பது பதின்மூன்றில் இருக்கிறது. இனம், மொழி, சாதி, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது பன்னிரண்டில்.

முன்வரிசையில் இரட்டைப் பின்னலோடு ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் விதுஷா. அவள் எழும்பிக் கேட்டாள்.

“மிஸ், எங்கம்மா என் போன எடுத்து எடுத்துப் பாக்குறாங்க. அது எத்தனையாவது உறுப்புரை?”

“அடிப்படை உரிமை வழக்கு அரசாங்கத்துக்கு எதிராய்த்தான் போடலாம். உம்மட அம்மா அரசாங்கம் இல்லை.”

“எங்க வீட்டுல அவங்கதான் மிஸ் அரசாங்கம்.”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு அந்த வகுப்பு பிடிபட்டது.

2. கரும்பலகையில் எழுதிய விதி

நாலாவது ஞாயிறு மொழி உரிமை. நான் மிகவும் விரும்பி நடத்திய பாடம் அது. இருபத்திரண்டாம் உறுப்புரையைப் பிள்ளைகளின் பாஷையில் சொன்னேன். சிங்களத்தில் நிர்வாகம் நடக்கிற ஊரில் இருந்தாலும், அரச அலுவலகத்தோடு தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம், நமக்குப் பார்க்க உரிமையுள்ள பத்திரத்தின் பிரதியைத் தமிழ் மொழிபெயர்ப்போடு கேட்கலாம். கெஞ்சத் தேவையில்லை. கத்தவும் தேவையில்லை. எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியில் திகதியோடு சீல் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

முடிவில் கரும்பலகையில் பெரிய எழுத்தில் ஒரு விதி எழுதினேன்: விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதே. “இதை மட்டும் வீட்டில போய்ச் சொல்லுங்கோ, மற்றதெல்லாத்தையும் மறந்தாலும் பரவாயில்லை” என்றேன். ஊருக்கு உபதேசம் செய்யும்போது நம்முடைய குரல் எவ்வளவு கணீரென்று இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு விதுஷா நின்றாள். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

“மிஸ், இது வந்து மூணு நாளாச்சு. சிங்களத்துல இருக்கு. பக்கத்து வீட்டு அங்கிள் வாசிச்சுட்டு ஒண்ணும் சொல்லாம திருப்பிக் குடுத்துட்டாரு.”

வாசித்தேன். வீடுகளுக்குப் பொறுப்பான அரச அலுவலகம் அனுப்பியது. அவர்கள் இருந்தது அரசுக்குச் சொந்தமான, ‘லைன்’ எனப்படும் வரிசை வீடுகளில் ஒன்றில். வீடு அவளுடைய அப்பாவின் பெயரில் இருந்தது. அவர் நகரத்தில் துப்புரவுத் தொழிலாளியாக இருந்து, ஒன்றரை வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். இப்போது அந்த வீடு அப்பாவின் அண்ணன் சந்திரனுடைய பெயருக்கு மாற்றப்படப் போவதாகவும், ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்றும் கடிதத்தில் இருந்தது. விதவையான செல்வராணி, அதாவது அவளுடைய அம்மா, இதற்குச் சம்மதித்து ஏற்கனவே சத்தியக் கடதாசி கொடுத்திருக்கிறார் என்றும் ஒரு வரி இருந்தது.

“அம்மா அப்படி ஏதும் எழுதிக் குடுத்தவவோ?”

“இல்ல மிஸ். அப்பா தவறுன புதுசுல, கரண்டு பில்லுல பேரு மாத்தணும்னு பெரியப்பா கூட்டிட்டுப் போனாரு. அதுல ஒரு கையெழுத்து வச்சாங்க. அது மட்டும்தான்.”

பெரியப்பாவின் மகனுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். வீடு அவனுக்குத்தான் என்று தெருவில் பேச்சு அடிபடுவதாகவும் சொன்னாள். அவளுக்கும் தங்கைக்கும் அம்மாவுக்கும் போக வேறு இடம் இல்லை. பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது.

“பயப்படாதையும். அந்தச் சத்தியக் கடதாசியின்ர பிரதியைத் தமிழ் மொழிபெயர்ப்போட தரச் சொல்லி நீரே எழுதும். அம்மா கையெழுத்து வைக்கட்டும். இண்டைக்குப் படிச்சதுதானே?”

அங்கேயே கதிரையில் இருந்து எழுதினாள். நான் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

3. கடைசி வரி

அடுத்த ஞாயிறு அவள் வகுப்புக்கு முன்னதாகவே வந்து வாசலில் நின்றாள். எழுதியதை அந்த அலுவலகத்தில் கொடுத்ததும் முதலில் அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்களாம். “இருபத்திரண்டாம் உறுப்புரைன்னு சொன்னேன் மிஸ். கவுண்டர்ல இருந்த நோனா என்னையும் பாத்து என் யூனிபோமையும் பாத்துட்டு, உள்ள போய் கேட்டுட்டு வந்து, வியாழக்கிழமையே குடுத்துட்டாங்க” என்றாள். நன்றாகச் செய்தாய் என்று தோளில் தட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

“மிஸ், இதப் பாருங்க.”

இரண்டு தாள்கள். மேலே சிங்களச் சத்தியக் கடதாசியின் பிரதி, கீழே தமிழ் மொழிபெயர்ப்பு. செல்வராணி என்பவர் தன் இரு பிள்ளைகளோடு புசல்லாவைப் பக்கத் தோட்டத்தில் தன் அண்ணன் வீட்டில் குடியேற முடிவு செய்துள்ளார், இந்த வீட்டில் தனக்கு எந்த உரிமையும் வேண்டாம், கணவரின் அண்ணன் பெயருக்கு மாற்றுவதில் ஆட்சேபம் இல்லை. பிரதியின் கீழே செல்வராணியின் கோணல்மாணலான தமிழ்க் கையெழுத்து. அதற்கும் கீழே, எல்லாச் சத்தியக் கடதாசியிலும் இருக்கிற அந்தக் கடைசி வரி: இதன் உள்ளடக்கம் பிரகடனம் செய்பவருக்கு விளங்கும் மொழியில் வாசித்து விளக்கப்பட்டு, அவர் விளங்கிக்கொண்டார் எனக் கண்ட பின், என் முன்னிலையில் கையொப்பமிட்டார்.

அதற்குக் கீழே என் கையொப்பமும் என் முத்திரையும் இருந்தன.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். சட்டத்தரணிகளில் பலர் சத்தியப் பிரமாண ஆணையாளர்களாகவும் இருக்கிறோம். காலையில் வழக்குகள் கூப்பிடுவதற்கு முன், டைப் அடிக்கிறவர்களிடமிருந்து சத்தியக் கடதாசிகள் கட்டாக வரும். அந்தக் கடைசி வரியும் முன்கூட்டியே அடித்தபடிதான் வரும். பெயர் மாற்றம், தொலைந்த அடையாள அட்டை, பிறப்புப் பதிவு என்று ஆயிரம் தேவைக்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் கையெழுத்து வைப்பார்கள், நாங்கள் வைப்போம், கிளார்க் சீல் குத்துவார். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒருவரும் ஒன்றையும் வாசிப்பதில்லை. எனக்குச் சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை.

“இது நீங்கதானே மிஸ்?” என்றாள் விதுஷா.

“ஓம். நான்தான்.”

“வாசிச்சு வெளங்கப்படுத்துனதா போட்டிருக்கு. வாசிச்சீங்களா?”

எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லுங்கள் என்று மடக்கியிருக்கிறேன். அன்று அந்தப் பிள்ளை என்னை அப்படி மடக்கினாள்.

“இல்லைப் பிள்ளை. வாசிக்கேல்லை.”

அவள் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அன்று நான் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கேவலமாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

4. நளீம் நானாவின் ஆலோசனையும் என் கெட்டித்தனமும்

நளீம் நானா என் கிளார்க். பத்தொன்பது வருடங்களாக என்னோடு இருக்கிறார். நல்ல மனிசன். வகுப்பு முடிந்ததும் விதுஷாவிடம் வாங்கி வந்த பிரதியை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முன்னும் பின்னும் பார்த்தார்.

“நான்தான் கொண்டாந்து வெச்சிருப்பேன் மேடம். ஒரு நாளைக்கு நாப்பது அம்பது வருதே, யார் மொகம் ஞாபகம் இருக்கு? இது எல்லாரும் செய்ற வேல தானே. இதுக்குப் போய் ஏன் மனசப் போட்டு ஒழப்பிக்கிறீங்க? அந்த உம்மாவ ஆட்சேபம் எழுதச் சொல்லுங்க. ஒங்க பேரு வராம எழுதலாம்.”

எனக்கும் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாயால் கேட்டதும் பிடித்துக்கொண்டேன். அன்றே ஆட்சேபத்தை எழுதினேன். செல்வராணிக்குச் சத்தியக் கடதாசியின் உள்ளடக்கம் பற்றிப் போதிய விளக்கம் ஏற்பட்டிருக்கவில்லை என்று எழுதினேன். விளக்க வேண்டியது யார், ஏன் விளக்கவில்லை என்று எங்கேயும் வராமல் மூன்று பந்தி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்கள் தொழிலுக்கு நல்ல பழக்கம்.

கையெழுத்து வாங்க அவர்களைக் கூப்பிட்டேன். செல்வராணி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார். எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவருக்கோ எல்லாம் ஞாபகம் இருந்தது.

“அன்னைக்கு நீங்க நீலச் சேல கட்டியிருந்தீங்க மேடம். நான் கையெழுத்து வச்சதும், ‘போயிட்டு வாங்கோ அம்மா’ன்னு சொன்னீங்க.”

தமிழில் எழுதிய ஆட்சேபத்தை இந்த முறை வாசித்துக் காட்டினேன். செல்வராணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். விதுஷாதான் கேட்டாள்.

“இதுல யாரு வெளங்கப்படுத்தலன்னு போடலயே மிஸ்?”

“அது விசாரணையில பாத்துக்கொள்ளலாம்” என்றேன்.

செல்வராணி கையெழுத்து வைத்தார். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன் ஆட்சேபம் கொடுக்கப்பட்டு, விசாரணைக்குத் திகதி வந்தது. நியாயப்படி நான் இந்த விடயத்தில் இருந்து விலகி, வேறு சட்டத்தரணியிடம் அவர்களை அனுப்பியிருக்க வேண்டும். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் விசாரணை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொள்ள நான் அங்கே இருக்க விரும்பினேன். உதவிக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போனேன்.

5. விசாரணை

சிறிய அறை. ஒரு மேசை, ஐந்தாறு கதிரைகள், கோப்பு நிரம்பி வழிகிற அலுமாரி. விசாரணை அலுவலர் நடுத்தர வயதுக்காரர், பொறுமையானவர். விதுஷா முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்ததால் மொழிபெயர்க்க ஒரு இளம் பெண்ணும் இருந்தார். எதிரே பெரியப்பா சந்திரன், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில்.

முதலில் அவரைப் பேசச் சொன்னார்கள்.

“இது என் தம்பி வீடுங்க. நாங்க ரெண்டு பேரும் பொறந்து வளந்த லைன். இது வயசு சின்ன பொம்பள, நாளைக்கு வேற எடத்துக்குப் போயிருச்சுன்னா வீடு கைய விட்டுப் போயிரும். அதான் என் பேருல எழுதி வச்சோம். அதுவே சம்மதிச்சுத்தான் கையெழுத்து வச்சிச்சு.”

அலுவலர் சத்தியக் கடதாசியை எடுத்து செல்வராணியின் பக்கம் திருப்பினார். உட்காரச் சொல்லியும் செல்வராணி எழுந்து நின்றார். அலுவலர் சிங்களத்தில் கேட்டதை அந்தப் பெண் தமிழில் சொன்னார்.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமாங்க.”

“இதுல இருக்கிறத உங்களுக்கு வாசிச்சு விளங்கப்படுத்தினாங்களா?”

செல்வராணி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஆமாங்க. மேடம் நல்லா வாசிச்சு வெளங்கப்படுத்துனாங்க.”

“அம்மா...” என்றாள் விதுஷா. செல்வராணி அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினார்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்தக் கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. என் பெயர் தப்பியது என்று உடம்பே சொன்னது. அலுவலர் பேனையை எடுத்து, சொன்ன பதிலை எழுதத் தொடங்கினார். அந்த வரி எழுதி முடிந்தால் வீடு போய்விடும். விசாரணையில் வாசித்து விளக்கியதாக அவரே ஒப்புக்கொண்ட பிறகு எந்த மேன்முறையீட்டிலும் அதைத் திருப்ப முடியாது. இது எனக்குத் தெரியும். செல்வராணிக்குத் தெரியாது. என் மானத்தைக் காப்பாற்ற அந்த அம்மா தன் வீட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்ன கொடுக்கிறார் என்று விளங்காமலே கொடுத்துக்கொண்டிருந்தார்.

எழுந்து நின்றேன். சிங்களத்தில் சொன்னேன். பிறகு, அவர்கள் இருவரும் கேட்க வேண்டும் என்று தமிழிலும் சொன்னேன்.

“அவ சொல்லுறது உண்மையில்லை. நான் வாசிக்கேல்லை. வாசிச்சதாய்க் கையெழுத்து வைச்சது நான். இதில பிழை முழுக்க என்ர.”

அலுவலர் பேனையைக் கீழே வைத்தார்.

“மேடம், இதை நான் எழுத்தில் பதிவேன். உங்களுக்கு இதன் பாரதூரம் தெரியும்தானே?”

“தெரியும். எழுதுங்கள்.”

“பிறகு ஏன் கையொப்பமிட்டீர்கள்?”

“எல்லோருக்கும் அப்படித்தான் இடுவேன்” என்றேன். அதைவிட உண்மையான பதில் என்னிடம் இல்லை.

அவர் எழுதினார். முதலில் எழுதத் தொடங்கிய வரியைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் சிறிய கையொப்பம் வைத்தார். பிறகு செல்வராணியிடம் திரும்பி, மொழிபெயர்க்கும் பெண் மூலமாக, கரண்டு பில்லுக்கு என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்களா என்று கேட்டார். செல்வராணி இப்போது அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சந்திரன் மறுத்துப் பேசவில்லை. “புள்ளைங்கள தெருவுல விட்டுருவோமாங்க” என்று மட்டும் முணுமுணுத்தார். அந்தச் சத்தியக் கடதாசி கணக்கில் எடுக்கப்பட மாட்டாது என்றும், செல்வராணி தன் நிலையைச் சொல்லிப் புதிதாக ஒன்று கொடுத்தால் வீடு அவர் பெயருக்கே பதியப்படும் என்றும் அலுவலர் முடிவு சொன்னார்.

வெளியே நடைபாதையில் விதுஷா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா பொய் சொன்ன? வீடு போயிருக்கும்மா.”

“அத்தன பேருக்கு முன்னால மேடத்த எப்புடிடி தல குனிய வைக்கிறது? ஆபிஸ் கந்தோருங்கள்ல எல்லாரும் ஏய், இங்க வான்னுதான் கூப்புடுவாங்க. அவங்க ஒருத்தர்தான் என்னைய அம்மான்னு கூப்புட்டாங்க.”

யாழ்ப்பாணத்தில் நாங்கள் எல்லோரையும்தான் அப்படிக் கூப்பிடுவோம். வாயில் தானாக வருகிற சொல். அதற்காகவா என்று நினைத்ததும் அந்த நடைபாதை மர வாங்கிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கூட வந்திருந்த நளீம் நானா தண்ணீர்ப் போத்தலை நீட்டிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல்களை மிகக் கவனமாக வாசிக்கத் தொடங்கினார்.

6. எடுக்கச் சொன்ன சொல்

சத்தியப் பிரமாண ஆணையாளராக எனக்கு நியமனம் தந்த இடத்துக்கு நடந்ததை நானே எழுதினேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கொடுத்தேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். சக சட்டத்தரணிகள் சிலர் இன்றைக்கும் என்னைக் கண்டால் ‘ஹரிச்சந்திரா’ என்று கூப்பிட்டுப் பகிடி பண்ணுகிறார்கள். இப்போது என் மேசைக்கு வருகிற ஒவ்வொரு கடதாசியையும் முழுக்க வாசித்துக் காட்டித்தான் ஒப்பமிடுகிறேன். காலையில் நாற்பது, ஐம்பது போட்ட கை பத்துப் பன்னிரண்டோடு நிற்கிறது. பொறுமையில்லாதவர்கள் அடுத்த மேசைக்குப் போகிறார்கள். நளீம் நானா பெருமூச்சு விடுகிறார், ஆனால் கதிரை எடுத்துப் போட்டு ஆட்களை இருத்துகிறார்.

வகுப்பையும் மாற்றினேன். ‘விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதே’ என்று இப்போது நான் எழுதிவிட்டுப் போவதில்லை. அந்த விதியை செல்வராணி கேட்டிருந்தாலும் என் மேசையில் கையெழுத்து வைத்துத்தான் இருப்பார். பொலிஸ்காரரிடம் உரிமை கேட்கிறதைப் பிள்ளைகள் கெதியாய்ப் பழகிவிடுகிறார்கள். மரியாதை வைத்திருக்கிற ஒருவரிடம், நமக்கு நல்லது செய்த ஒருவரிடம், ‘கொஞ்சம் நில்லுங்க, எனக்கு விளங்கல’ என்று சொல்கிறதுதான் கஷ்டம். அதனால் வகுப்பில் இருவர் இருவராக அதைச் செய்து பார்க்கச் செய்கிறேன். ஒருவர் டீச்சர், பெரியப்பா, டொக்டர், மேடம். மற்றவர் கேட்பவர். முதல் தடவை எல்லோரும் சிரிப்பார்கள். மூன்றாம் தடவையில்தான் குரல் வரும்.

இதை எனக்குச் செய்து காட்டியது செல்வராணிதான். விசாரணை முடிந்த அடுத்த கிழமை, அவருடைய புதிய சத்தியக் கடதாசியைத் தமிழிலேயே நான் எழுதினேன். அதற்கு நானே ஒப்பமிடுவது முறையல்ல என்பதால் அதே கட்டடத்தில் இருக்கிற இன்னொரு சட்டத்தரணியிடம் கூட்டிப் போனேன். அவர் அவசரக்காரர், நல்லவர், என் நண்பர். தாளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பேனையைத் திறந்தார்.

செல்வராணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விதுஷா சற்றுத் தள்ளி நின்றாள். நானும் அவளோடு நின்றேன்.

“சேர்” என்றார் செல்வராணி. “மொதல்ல வாசிங்க சேர்.”

என் நண்பர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் மூடியைப் பேனையில் போட்டுவிட்டு வாசிக்கத் தொடங்கினார். பெயர், விலாசம், கணவர் இறந்தது, இரண்டு பெண் பிள்ளைகள். மூன்றாம் பந்தியில், “நான் எவ்வித ஆதரவுமற்ற ஒரு விதவை” என்று வந்தது. இப்படியான கடதாசிகளில் நாங்கள் வழமையாகப் போடுகிற வசனம். யோசிக்காமல் நான்தான் போட்டிருந்தேன்.

“அத எடுங்க சேர்.”

“எதை?”

“ஆதரவு இல்லாதவன்னு போட வேணாம். நான் ஆஸ்பத்திரியில வேல செய்றேன். ரெண்டு புள்ளைகளையும் படிக்க வைக்கிறேன்.”

அதை யார் எழுதியது என்று அவருக்குத் தெரியும். இந்த முறை என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். நான் தாளை வாங்கிக்கொண்டு டைப் அடிக்கிற இடத்துக்கு நடந்தேன். அங்கே எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். ஒன்பதாவது ஆளாக நின்றேன்.